தனிமைக்காக கோயிலுக்குப் போறது பக்தியா? ட்ரிங்கோ (திருகோணமலை) ஆக்கள் சொல்லுங்க

கொழுந்துக்காரன் (கேள்வி):

வணக்கம் எல்லாருக்கும். நான் அட்டன் பக்கம் தோட்டத்துல பொறந்து வளந்தவன். டிரான்ஸ்பர்ல ட்ரிங்கோ வந்து உப்புவெளியில ஒரு அனெக்ஸ்ல தனியா இருக்கேன். ஆபீஸ் முடிஞ்சா கதைக்க ஆள் கெடையாது, சனி ஞாயிறு வந்தா பீச்சுக்குப் போய் சும்மா உக்காந்துட்டு வருவேன், அப்பிடி இருக்கப்போ கூட வேல செய்ற அண்ணன் ஒருத்தர் வெள்ளிக்கிழம பஜனைக்கு கூட்டிட்டுப் போனாரு. டவுன்ல இருக்க ஒரு கோயில், பேர் வேணாம். நான் பெரிய பக்திமான்னு எல்லாம் சொல்ல முடியாது. ஆனா ஆர்மோனியமும் தாளமும் சேந்து எல்லாரும் ஒரே குரல்ல பாடுறப்போ தலைக்குள்ள ஓடிட்டே இருக்க லோன், வீட்டுச் சண்ட, தங்கச்சி கல்யாணம் எல்லாம் கொஞ்ச நேரத்துக்கு நின்னுடுது. இப்பல்லாம் வியாழக்கிழமையே மனசு அங்க போயிருது.

அப்புறம் திருவிழா வந்துச்சு. சாமி தூக்க நானும் வேட்டியக் கட்டிட்டு போய் கிட்ட நின்னேன். ஒரு பெரியவர் வந்து ரொம்ப மரியாதையா “தம்பி எந்த ஊர், ஆற்ற ஆள்?” ன்னு கேட்டாரு, அதாவது யாரோட ஆளுன்னு. சொன்னேன். “இண்டைக்கு எங்கட உபயம் தம்பி, எங்கட பெடியள் இருக்கினம், நீங்க நிண்டு வடிவா கும்பிடுங்கோ” ன்னாரு. திட்டல, தள்ளல, சிரிச்ச மொகந்தான். ஆனா எனக்கு மொகம் செத்துப் போச்சு. காளாஞ்சி, அதான் பூசை முடிஞ்சு மரியாதையா தர்ற தாம்பூலப் பிரசாதம், குடுக்கிறப்பவும் பாத்தேன், அதுக்கும் ஒரு வரிசை இருக்கு, யாருக்கு மொதல்ல யாருக்கு அப்புறம்னு.

எங்க தோட்டத்துல மாரியம்மன் திருவிழான்னா லயத்துல எல்லாரும் சந்தா போடுவாங்க, தேர எல்லாரும் இழுப்பாங்க (அங்கயும் தலைவருங்க சண்ட போடாம இல்ல, அது வேற கத). இங்க நான் யாரு?

அதுக்கப்புறம் ரூம்ல படுத்துக்கிட்டு யோசிச்சதுல ரெண்டு கேள்வி. பக்தின்னா பந்தத்த அறுக்கிறது, விடுதலைன்னு சொல்றாங்க, ஆனா கோயில் முழுக்க ஊரு, குடும்பம், உபயம்னு பந்தமாத்தானே இருக்கு? இன்னொன்னு, உண்மையச் சொன்னா நான் சாமிக்காகப் போகல, ஆளுங்களுக்காகத்தான் போறேன். ரூம்ல தனியா இருக்க முடியாமப் போறது பக்தியா, இல்ல நான் என்னயே ஏமாத்திக்கிறேனா?

கோட்டைவாசல்மான்:

தம்பி முதல்ல ஒண்டு, உபயம் எண்டா என்னெண்டு விளங்கிக்கொள்ளும். அண்டைய செலவு முழுக்க, பூ, சாத்துப்படி, மேளம், ஐயருக்கு தட்சணை, அன்னதானம், எல்லாம் அந்தக் குடும்பத்தின்ர தலையில. வருசம் முழுக்க சேத்து வச்சு செய்யிறவை, வெளிநாட்டில இருந்து அதுக்கெண்டே டிக்கெட் போட்டு வருவினம், அந்த ஒரு நாளாவது தங்கட பிள்ளையள் தூக்கோணும் எண்டு நினைக்கிறது இயற்கைதானே. எல்லாக் கோயிலும் குடும்பத்துக்குத்தான் உபயம் எண்டும் இல்ல, கந்தோர் ஆக்கள், கடைக்காரர், மீன்பிடிச் சங்கம் எண்டு சேந்து எடுக்கிற நாளும் இருக்கு, உம்மட கந்தோருக்கு இல்லாட்டி நீரே தொடங்கும்.

பெரியவர் கேட்டது உம்மைக் கலைக்க இல்லை. இஞ்ச ஆரைக் கண்டாலும் முதல் கேள்வி அதுதான். எனக்குப் பொம்பிளை பாக்கப் போன இடத்திலயும் முதல் அதைத்தான் கேட்டவை 😄

பென்சன்வாத்தி:

தம்பி கொழுந்துக்காரன், ஆறுதலா வாசியும், நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவன், முழங்கால் நோவில வீட்டிலதான் கிடக்கிறன், வேற வேலையும் இல்லை.

எந்த ஊர் எண்டு கேட்டதைப் பற்றி முதல். கோணேசர் கல்வெட்டு எண்டு பழைய நூல் ஒண்டு இருக்கு, கவிராச வரோதயர் பாடினது. அதில என்ன சொல்லுது எண்டா குளக்கோட்டு மன்னன் இஞ்ச மலையில இருக்கிற கோணேசர் சிவன் கோயில் திருப்பணி செய்து, அங்கத்தைய தொழும்புக்கெண்டு, அதாவது கோயில் தொண்டுக்கெண்டு, கடலுக்கு அங்கால இருந்து ஆக்களைக் கொண்டு வந்து குடியேத்தி, தானத்தார் இன்னது செய்யோணும், வரிப்பத்தார் இன்னது செய்யோணும் எண்டு பகுத்துக் குடுத்தான் எண்டு. அப்ப உம்மட்ட “எந்த ஊர்” எண்டு கேட்ட அந்த மனிசன்ர பாட்டன் பூட்டனும் ஒரு காலத்தில கப்பலால இறங்கி மூட்டையோட நிண்ட ஆளாத்தான் இருக்கும். உங்கட ஆக்கள் கோப்பிக்கும் தேயிலைக்கும் எண்டு பிந்தி வந்தவை, இவை கோயிலுக்கெண்டு முந்தி வந்தவை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொண்டு சொல்லுறன். கோணேசருக்குத் தேவாரம் பாடினவர் ஞானசம்பந்தர், ஏழாம் நூற்றாண்டு, சீர்காழிப் பிள்ளை. இஞ்ச கால் வச்சவரே இல்லை, இராமேஸ்வரத்தில நிண்டு கடலுக்கு இஞ்சால பாத்துப் பாடினவர் எண்டுதான் சொல்லுறது. ஊர்க்காரன்தான் கோணேசருக்குக் கிட்டப் போகலாம் எண்டா சம்பந்தரையும் எல்லே வெளியில விடோணும்! அந்தப் பதிகத்தின்ர கடைசிப் பாட்டை எடுத்துப் பாரும். இதைப் பாடுறவைக்கும் கேக்கிறவைக்கும் என்ன கிடைக்கும் எண்டு சொல்லுற இடம், “உயர்ந்தோர் சுற்றமும் ஆகித் தொல்வினை அடையார்”. உம்மட ரெண்டு கேள்விக்கும் அந்த ஒரு அடியிலயே பதில் கிடக்கு. நல்ல ஆக்களுக்குச் சொந்தமாகிறதும் பழைய வினை வந்து ஒட்டாமல் போறதும் அவருக்கு ஒரே மூச்சில வருது, அதுவும் பாருங்கோ சொந்தமாகிறதைத்தான் முதல் வச்சிருக்கிறார். பாடத் தெரிஞ்சவனுக்கு மட்டும் எண்டும் இல்லை, சும்மா இருந்து கேட்டவனுக்கும் அதே பங்கு. நீர் பஜனையில பின் வரிசையில வாய் அசைக்கிற ஆள் எண்டாலும் கணக்கில வருவீர்.

சைவ சித்தாந்தத்திலயும் இதுதான். மெய்கண்டாரின்ர சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரம். அதில கடைசிச் சூத்திரம் மலம் கழுவுப்பட்டவன் பேந்து என்ன செய்வான் எண்டு சொல்லுது. காட்டுக்குள்ள போய் தனிய குந்தி இருப்பான் எண்டு சொல்லயில்லை. அன்பரோட சேருவான், அடியாரின்ர வேடத்தையும் ஆலயத்தையும் சிவன் எண்டே கும்பிடுவான், அதுதான் கடைசி நிலை. பந்தம் எண்டு நீர் சொல்லுறதும் பாசம் எண்டு சித்தாந்தம் சொல்லுறதும் ஒண்டில்லை தம்பி. ஆணவம், கன்மம், மாயை, இதுகள்தான் கட்டு. “எங்கட உபயம், எங்கட பெடியள்” எண்டு சொல்லேக்க அந்தப் பெரியவருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிந்திருந்தால் அது அவற்ற ஆணவம், “இங்க நான் யாரு” எண்டு உமக்கு முகம் செத்ததே, அதுவும் அதின்ர தம்பிதான், கோவிக்காதையும்.

தனிமைக்காகப் போறது பக்தியா எண்டால், வருத்தம் வந்தவன் ஆஸ்பத்திரிக்குப் போறான், அவனுக்கு மருத்துவத்தில பற்று இருக்கோ எண்டு ஆரும் கேக்கிறதில்லை. போம். போகப் போக ஆர்மோனியத்துக்குப் போனீரோ ஆளுக்குப் போனீரோ எண்டது தானா மாறும், மாறாட்டியும் ஒரு குறையும் இல்லை.

சாம்பல்தீவுக்காரி:

வாத்தி ஐயா சொன்னது வாசிக்க வடிவாத்தான் இருக்கு, ஆனா இதை இவ்வளவு லேசா விட ஏலாது. “உமக்கு முகம் செத்ததும் ஆணவம்” எண்டு சொல்லுறது சரியான அநியாயம் ஐயா. வாசல்ல நிப்பாட்டினவனுக்கும் நிப்பாட்டுப்பட்டவனுக்கும் ஒரே வருத்தம் எண்டு சொன்னா பிறகு ஆரும் எதையும் மாத்தத் தேவையில்லை. யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசாமி கோயில்ல 1968ல கோயிலுக்குள்ள விடு எண்டு சனம் வாசல்ல இருந்தது, அதுக்கு 11 வருசத்துக்கு முன்னம் 1957லயே சாதியைச் சொல்லி மறிக்கக் கூடாது எண்டு சட்டம் வந்திட்டுது, வந்தும் கதவு திறக்கயில்லை. உள்ளுக்க நிண்டவையும் தேவாரம் பாடின ஆக்கள்தானே, “உயர்ந்தோர் சுற்றம்” எண்டு அவையும் தங்களைத்தானே நினைச்சிருப்பினம். எங்கட பக்கம் அவ்வளவு இறுக்கம் இல்லை எண்டு சொல்லுவினம், ஓம், இல்லைத்தான், ஆனா இல்லவே இல்லை எண்டு என்னட்ட ஆரும் சொல்ல வராதைங்கோ. பொம்பிளையளுக்கு வேற கணக்கு, மாலை கட்டு, கோலம் போடு, மரக்கறி வெட்டு, கூட்டத்தில வாய் திறக்காத.

தம்பிக்கு நான் சொல்லுறது, சாமி தூக்கிறதை விடும், ஒருக்கா தெற்கில இருக்கிற கதிர்காமம் முருகன் கோயிலுக்கு நடந்து போம். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயில்ல இருந்து வேலோட வெளிக்கிட்டு முல்லைத்தீவால வந்து ட்ரிங்கோ, மூதூர், வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில் எண்டு கரையோரமா நடக்கிற சனம், கடைசியில உகந்தையில சேந்து காட்டுப்பாதை திறக்கும் வரைக்கும் காத்திருக்கும். நான் முழுக்க நடக்கயில்லை, உகந்தையில இருந்துதான் நடந்தனான். அதுக்குள்ள ஒருத்தருக்கும் பேர் இல்லை. எல்லாரும் சாமி. பின்னுக்கு வாறவர் கந்தோர் பெரியவரோ கூலி வேலை செய்யிறவரோ தெரியாது, அவருக்கும் சாமி, எனக்கும் சாமி, பத்து வயசுப் பெடியனுக்கும் சாமி. கும்புக்கன் ஆறு கடக்கேக்க எனக்குக் கை தந்தது ஒரு சிங்கள அம்மா, அவ தமிழ் ஒரு சொல்லுத் தெரியாம அரோகரா சொல்லிக்கொண்டு வந்தவ. யானை நிண்ட இடத்தில எல்லாரும் மூச்சுக் காட்டாம நிண்டம், அதுக்குள்ள ஆற்ற உபயம் எண்டு ஆர் கேக்கிறது. ராவில மணலில சாக்கை விரிச்சுப் படுத்தா பக்கத்தில ஆர் எண்டே தெரியாது, விடியத் தேத்தண்ணி கொதிக்குது எண்டு எழுப்புறது வேற ஆரோ. தண்ணிப் போத்தல்ல கடைசி மிடறைக் கூட ஆக்கள் நீட்டுவினம், நான் குடிக்காம திருப்பிக் குடுத்தாக் கோவிப்பினம். பொம்பிளை எண்டு என்னை ஒருத்தரும் ஒதுங்கி நில் எண்டும் சொல்லயில்லை, நடக்கத் தெரிஞ்சாக் காணும்.

விடுதலை எண்டா என்னெண்டு கேட்டா எனக்கு அந்த நடைதான் ஞாபகம் வரும். எனக்கு அங்க ஆரின்ர மகள், ஆரின்ர மனிசி எண்டு ஒண்டும் இருக்கயில்லை, அதே நேரம் என்ர வாழ்க்கையில அவ்வளவு சனத்துக்கு நடுவில நான் இருந்ததும் இல்லை.

ஆனா ஒண்டு, கதிர்காமத்தில கொடியேத்தம் பாத்திட்டு பஸ் ஏறினதும் எல்லாம் பழையபடி. பஸ்ஸுக்குள்ளயே ஒரு சாமி இன்னொரு சாமிட்ட “நீங்க எந்த ஊர், ஆற்ற ஆள்” எண்டு கேட்டதை என்ர காதால கேட்டனான்.

தனிவழி:

எல்லாரும் கூட்டத்தைப் பற்றியே கதைக்கிறீங்கள். எனக்குக் கூட்டம் எண்டா அலர்ஜி. விடியக்காலமை கோட்டைக்குள்ளால ஏறிப் போவன், மான் நிக்கும், ஆமிக்காரர் நிப்பினம், கச்சான் கடை ஒண்டும் திறந்திருக்காது. கோணேசர் மலையில ராவணன் வெட்டு எண்ட பாறைப் பிளவுப் பக்கம் போய் கடலைப் பாத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பன். பாட்டு இல்லை, காளாஞ்சி இல்லை. யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமி “சும்மா இரு” எண்டுதான் சொன்னவர், குரூப்பில சேர் எண்டு சொல்லயில்லை.

1622ல பறங்கியர், போர்த்துக்கேயர், கோணேசர் கோயிலை இடிச்சது எல்லாருக்கும் தெரியும், அந்தக் கல்லிலயே கோட்டையும் கட்டினவங்கள். திரும்பக் கோயில் கட்டிக் கும்பாபிஷேகம் நடந்தது 1963ல. நடுவில 300 வருசத்துக்கு மேல அந்த மலையில கோபுரமும் இல்லை, திருவிழாவும் இல்லை, ஆனா சனம் கும்பிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில மலை விளிம்பில நிண்டு பூவையும் தேங்காயையும் கடலுக்குள்ள போட்டுக் கும்பிட்டவை எண்டு அவங்களே எழுதி வச்சிருக்கிறாங்கள். உபயகாரர், வரிசை, மரியாதை ஒண்டும் இல்லாத பக்தி அது. எனக்கு அது காணும்.

பென்சன்வாத்தி:

தனிவழித் தம்பி, பூவைக் கடலுக்குள்ள போட்டவையும் தனித்தனியாப் போய்ப் போடயில்லை, ஊராச் சேந்துதான் மலை ஏறினவை. கோயில் இடிபட்டதுக்குப் பிறகும் விக்கிரகங்களைப் புதைச்சு வச்சு, இன்ன இடம் எண்டு வெளியில சொல்லாமல் காத்ததும் ஒரு கூட்டந்தான். 1950ல கிணறு வெட்டேக்க அது வெளியில வந்தது எப்பிடி? ஆரோ ஒருத்தன் உயிரைக் குடுத்துப் புதைச்சதாலதானே. அந்த மனிசன்ர பேர் ஒரு கல்வெட்டிலயும் இல்லை. நீர் இண்டைக்குத் தனிய இருந்து கும்பிடுற மலையை உமக்கு மிச்சம் வச்சது அந்த ஆக்கள்.

சாம்பல்தீவுக்காரி பிள்ளை, ஆணவக் கதை பற்றி நீங்கள் சொன்னது நியாயம். மறிச்சவனுக்குத்தான் முதல் மருந்து.

மடுப்பிள்ளை:

நான் வேதக்காரன், கத்தோலிக்கன், இதுக்குள்ள கருத்துச் சொல்லலாமோ தெரியாது 🙂 எங்களுக்கு ஆவணி (ஓகஸ்ட்) 15 மடு மாதா கோயில் திருவிழா. முந்தி அம்மாவோட போனா முதல் வேலை மரத்துக்குக் கீழ இடம் பிடிச்சு டென்ட் அடிக்கிறது. பக்கத்து டென்ட் நீர்கொழும்புச் சிங்களக் குடும்பம், அங்கால மன்னார் ஆக்கள், அங்கால ஆரெண்டே தெரியாது. பூசை ரெண்டு மொழியிலயும் நடக்கும், எங்களுக்கு விளங்காத பாட்டுக்கும் முழங்கால்ல நிப்பம். அம்மா வேண்டுதலுக்குப் போனவ, நான் அந்தப் பெடியளோட விளையாடப் போனனான், அம்மா அதைப் பற்றி ஒரு நாளும் பேசினதில்லை. இண்டைக்கும் நான் பூசை தவற விடாத ஆளா இருக்கிறன் எண்டா அந்த விளையாட்டாலதான். அண்ணை ஆக்களுக்காகப் போறன் எண்டு வெக்கப்படாதைங்கோ.

கொழுந்துக்காரன்:

இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு நெனக்கல, எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, அந்தத் தேவாரத்த தேடி எடுத்து ஆபீஸ்ல லஞ்ச் நேரத்துல வாசிச்சேன், முழுசா புரியல, ஆனா ஒரு எடத்துல கோணமலையில குடி நெருங்கி ஜனம் பெருகி இருக்குன்னு வருதே, மலை, கடல், மரம்னு பாடிட்டு வந்தவர் ஆளுங்களையும் ஊர் அழகுல சேத்துப் பாடிருக்காரு, அது எனக்கு ரொம்பப் புடிச்சிது. அக்கா சொன்னதுதான் எனக்கு நெருக்கமா இருக்கு, ஏன்னா எனக்கு அன்னைக்கு வந்தது ஆணவமா அவமானமான்னு எனக்குத் தெரியும். எங்க தாத்தாவுக்கு இந்த நாட்டுல பிரஜாவுரிமையே இல்லாம இருந்துச்சு, “நீ எந்த ஊரு” ங்கிற கேள்வி எங்க வீட்டுல வேற மாதிரி காதுல விழும். அந்தப் பெரியவருக்கு அது தெரிஞ்சிருக்காது, சரி.

வெள்ளிக்கிழம பஜனைய விடப் போறதில்ல. சாமி தூக்குறதப் பத்தி இனி கேக்கவும் போறதில்ல, அவங்களா கூப்ட்டா போவேன். கதிர்காமத்துக்கு இந்த வருஷம் லீவு கெடைக்குமான்னு பாக்கணும், அக்கா, உகந்தையில இருந்து நடக்கிறதுன்னா மொதல்லயே பதியணுமா? செருப்போட நடக்கலாமா? அங்க வரைக்கும் எப்பிடிப் போறது?

சாம்பல்தீவுக்காரி:

காட்டுக்குள்ள போக முதல் உகந்தையில பதிவாங்கள் தம்பி, ஐடென்டிடி கார்ட்டைக் கையோட கொண்டு போம். கதவு திறக்கிற திகதி அந்த அந்த வருசம் அறிவிப்பாங்கள், கதிர்காமக் கொடியேத்தத்தைப் பாத்துத்தான், பொதுவா ஆனி ஆடிக்குள்ள வரும், பேப்பரைப் பாத்துக்கொண்டிரும். மட்டக்களப்பு போய் அங்கால பொத்துவில், பாணமை, அதுக்கங்கால உகந்தை. செருப்பு உம்மட விருப்பம், கனபேர் வெறுங்கால்தான், ஆனா மணல் சுடேக்க பக்தி எல்லாம் பறந்திடும் எண்டதைச் சொல்லி வைக்கிறன். பாரம் கூடக் கொண்டு போகாதையும், மாத்து உடுப்பு, சாரம், ஒரு போர்வை, அரிசி கொஞ்சம், ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல்) பக்கெட், டோர்ச். பிளாஸ்டிக் ஒண்டையும் காட்டுக்குள்ள போட்டிட்டு வராதையும், அது மிருகங்களின்ர இடம்.

கோட்டைவாசல்மான்:

அதுக்கு இன்னும் மாதக்கணக்கு இருக்கு, அதுக்கு முதல் சிவராத்திரி வருது. சிவராத்திரி முடியக் கோணேசர் மலையால இறங்கி நகர்வலம் வருவார், ரோட்டு முழுக்க நிறைகுடமும் பந்தலும் வைப்பம். எங்கட ஒழுங்கையில தண்ணீர்ப்பந்தல் போடுறம், மோர் கரைக்க, கிளாஸ் கழுவ, சனத்துக்கு நீட்ட ஆள் காணாது, முதல் நாள் பந்தல் கட்டவும் ஏணி பிடிக்கவும் ஆள் வேணும். ஊர் பேர் ஒண்டும் கேக்க மாட்டம். இன்பொக்ஸில நம்பர் போட்டு விடும், வாத்தி ஐயா நீங்களும்தான், நோக்காட்டுக் காலோட கதிரையில இருந்து எலுமிச்சம்பழம் பிழியலாம்.

பென்சன்வாத்தி:

பிழியிறன். கத்தி நீர் கொண்டு வாரும், போன முறை தந்தது வெட்டாது.